ஸ்மித் சார்ட் பிரதி எடுக்க அக்கரைப்பற்றில் ஒரு கடை

போட்டோகொப்பிக் கடைக்கும் விமர்சனமா என்று சிரிக்க வேண்டாம். ஒலுவில் கம்பஸில் டிரான்ஸ்மிஷன் லைன் (ரேடியோ அலையைக் கொண்டுசெல்லும் கேபிள்) பாடம் தொடங்கியதும் எங்களுக்கு வந்த முதல் பிரச்சினையே, ஸ்மித் சார்ட்டை, அதாவது கேபிளின் முனையில் அலை எவ்வளவு திரும்பித் தெறிக்கிறது என்று வரைந்து பார்க்கும் வட்ட வரைபடத்தை, யார் ஒழுங்காக அச்சடித்துத் தருவார் என்பதுதான். அக்கரைப்பற்றுப் பிரதான வீதியில், சந்தையைத் தாண்டி ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஒரு மெஷின், ஒரு கணினி, ஒரு நானா.

வட்டத்தை எல்லாக் கடையும் அச்சடிக்கும். சிக்கல் அதற்குக் கீழே உள்ள அளவுகோல் பட்டையில். வேறொரு கடையில் தாள் நிறைய வரட்டும் என்று பெரிதாக்கித் தந்தார்கள். வட்டம் அழகாக வந்தது, பட்டையில் பாதியைக் காணவில்லை. இங்கே நானாவும் முதலில் "கீழ இரிக்கிற கோடெல்லாம் வேணுமா மகள்?" என்றுதான் கேட்டார். "அதுதான் நானா கட்டாயம் வேணும்" என்றதும் மறுபேச்சில்லாமல் ஓரத்தைச் சரிசெய்து ஏ3 தாளில் எடுத்துத் தந்தார்.

ஏன் கட்டாயம்? 50 ஓம் கேபிளின் முனையில் 100 ஓம் சுமை இருக்கிறது என்று வையுங்கள். நூறை ஐம்பதால் வகுத்தால், சார்ட்டில் அது 2.0 என்ற புள்ளி. கவராயத்தை மையத்திலிருந்து அதுவரை விரித்து, அப்படியே பட்டையின் மையத்தில் ஊன்றினால் போதும். எஸ்.டபிள்யூ.ஆர் (கேபிள் நெடுக உள்ள உச்ச, தாழ்ந்த மின்னழுத்தங்களின் விகிதம்) 2, தெறிப்புக் குணகம் (போகும் அலை மின்னழுத்தத்தில் திரும்பி வரும் பங்கு) 0.33, தெறித்து வரும் வலு 0.11, ரிட்டர்ன் லாஸ் (தெறித்து வரும் வலு எவ்வளவு குறைவு என்பது) 9.5 டெசிபெல். கல்குலேட்டரைத் தொடவே தேவையில்லை. பிலிப் ஸ்மித் 1939இல் இந்தச் சார்ட்டை வெளியிட்ட காலத்தில் அதுதானே பெரிய விஷயம்.

ஆனால் எழுத்து மங்கினால் கதை கெட்டுவிடும். எஸ்.டபிள்யூ.ஆரை டெசிபெலில் காட்டும் கோடும் ரிட்டர்ன் லாஸ் கோடும் பட்டையில் கிட்டக் கிட்ட இருக்கின்றன. எஸ்.டபிள்யூ.ஆர் 2 என்றால் முதலாவது 6.0, மற்றது 9.5. எஸ்.டபிள்யூ.ஆர் 3 என்றால் முதலாவது 9.5, மற்றது 6.0! கோட்டின் பெயர் வாசிக்க முடியாத பிரதியில் எதை எடுத்தோம் என்று சத்தியம் செய்ய முடியாது. இந்தக் கடைப் பிரதியில் பெயர்கள் தெளிவு. ஏ4 இல் கொஞ்சம் கண்ணைச் சுருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது வலப்பக்கத்து அட்டெனுவேஷன் (கேபிள் இழப்பு) கோடு. அதில் எண்கள் கிடையாது, 1 டெசிபெல் படிகள் மட்டும். அன்டெனாவில் எஸ்.டபிள்யூ.ஆர் 3, கேபிளில் 3 டெசிபெல் இழப்பு என்றால், அந்த ஆரத்திலிருந்து மூன்று படி மையத்தை நோக்கி வாருங்கள். ரேடியோ பக்கம் எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர் 1.7 அளவில் காட்டும். கேபிள் மோசமாக இருக்க இருக்க அன்டெனா நல்லதுபோலத் தெரியும் என்பதை எந்த விரிவுரையும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

சின்னதாக்கினால் அளவு பிழைக்குமோ என்று பயப்பட வேண்டாம். வட்டமும் பட்டையும் ஒரே விகிதத்தில் சுருங்கினால் எல்லாக் கணக்கும் சரியாகவே வரும். ஒரு திசையில் மட்டும் இழுபட்டால்தான் ஆபத்து. கவராயத்தை ஆரத்துக்கு விரித்து, மேலே, பக்கவாட்டில், பட்டையின் மையத்திலிருந்து நுனிவரை என்று வைத்துப் பாருங்கள். மூன்றும் பொருந்தினால் காசைக் கொடுங்கள். இங்கே பொருந்தியது.

குறை இல்லாமல் இல்லை. லமினேட் செய்து தரவா என்று கேட்பார், வேண்டாம் என்று சொல்லுங்கள். பளபளப்பில் பென்சில் பிடிக்காது, கவராய முள்ளும் வழுக்கும். தடித்த தாள் சில நாள் கையிருப்பில் இருக்காது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடை பூட்டு, பின்னேரம் போங்கள்.