சாவியைத் திருப்ப அவசரப்படாத பட்டறை

பெரியப்பா விட்டுச்சென்ற 1965ஆம் ஆண்டு எம்ஜிபி (MGB) என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை 32 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் ஓடவைப்பதற்காக, பழைய கார்களை மட்டுமே எடுத்துச் செய்யும் ஒரு சிறிய பட்டறையிடம் ஒப்படைத்தேன். 11 வாரங்களில் கார் தானே ஓடி வீடு வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை லட்சக்கணக்கில் தயாரான கார் என்பதால், இதற்கான உதிரிபாகங்களில் பெரும்பாலானவை இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. கிடைக்காதது, நீண்ட காலம் நின்றுபோன ஒரு 1798 சிசி இன்ஜினை எந்த வரிசையில் தொட வேண்டும் என்று அறிந்த கைதான். அந்தக் கை இந்தப் பட்டறையில் இருக்கிறது.

இவர்களிடம் போவதற்கு முன் இரண்டு மெக்கானிக்குகளை அழைத்துக் காட்டியிருந்தேன். இருவரும் சொன்னது ஒன்றே: "நல்ல பேட்டரி ஒன்றைப் போட்டு, புது பெட்ரோல் ஊற்றி ஒரு தடவை ஸ்டார்ட் அடித்துப் பார்ப்போம்." அந்த ஆசை எனக்கும் இருந்தது. அப்படிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை, இந்தப் பட்டறையிலிருந்து வந்தவர் முதல் நாளே எனக்குக் கண்முன் காட்டினார். அவர் கொண்டுவந்தவை ஒரு டார்ச், ஒரு பிளக் ஸ்பேனர், வயர் நுனியில் பொருத்திய சிறிய கேமரா ஆகிய மூன்று மட்டுமே. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளைக்குள்ளும் கேமராவை இறக்கியபோது மூன்று சிலிண்டர்களின் சுவர் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தது. வரிசையில் மூன்றாம் சிலிண்டரில் மட்டும் பிஸ்டனுக்குச் சற்று மேலே, குங்குமக் கோடு போட்டதுபோல் ஒரு துரு வளையம் தெரிந்தது. இன்ஜின் கடைசியாக நின்ற நிலையில் அந்த சிலிண்டரின் வால்வு திறந்தபடியே இருந்திருக்கிறது என்றும், அதன் வழியாகத்தான் ஈரக்காற்று ஆண்டுக்கணக்காக உள்ளே போய்வந்திருக்கிறது என்றும் அவர் விளக்கினார். ஸ்டார்ட்டரின் முழு வேகத்தில் பிஸ்டன் அந்த வளையத்தின் மேல் ஏறியிருந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் உடைந்திருக்கும், அல்லது சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருக்கும்.

பட்டறைக்குப் போன பிறகும் அவர்கள் அவசரப்படவில்லை. துரு இளக்கும் எண்ணெயை நான்கு சிலிண்டர்களிலும் ஊற்றி, தினமும் சிறிது சேர்த்து, பத்து நாள் அப்படியே ஊறவிட்டார்கள். பிறகு இன்ஜினின் முன்முனையிலுள்ள கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பேனர் வைத்து, கையால் மட்டும், முன்னும் பின்னுமாக ஆட்டினார்கள். முதல் நாள் கால் அங்குலம்கூட நகரவில்லை. நான்காம் நாள் முழுச் சுற்று வந்தது. கிளட்ச் தட்டு, இன்ஜினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்ததையும் இதே பொறுமையோடு, பெடலை மரக்கட்டையால் அழுத்தி நிறுத்தி, கியரில் போட்டுக் காரைத் தள்ளித் தள்ளி விடுவித்தார்கள். வாரந்தோறும் எனக்குப் படங்கள் வந்தன. கழற்றிய ஒவ்வொரு பாகமும் தனிப்பையில், எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்போடு இருந்தது.

எரிபொருள் வேலைதான் நான் மிக நெருக்கமாகப் பார்த்தது. டேங்கின் மூடியைத் திறந்தபோது பெட்ரோல் வாடைக்குப் பதிலாகப் பழைய வார்னிஷ் வாடை வீசியது. அடியில் தேன்பாகுபோல் ஒரு படலம் இறுகியிருந்தது. டேங்கைக் கழுவிப் பயன்படுத்தலாமா என்று நான் கேட்டேன். ஒரு விளக்கை உள்ளே இறக்கி, வெளிச்சம் ஊசிமுனைத் துளைகளாக வெளியே தெரிவதைக் காட்டிவிட்டு, புது டேங்க் வாங்கச் சொன்னார்கள். ரப்பர் குழாய்கள் அனைத்தையும் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைத் தாங்கும் வகைக்கு மாற்றினார்கள். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் இரண்டு எஸ்யு கார்ப்பரேட்டர்களையும் முழுவதுமாகப் பிரித்து, தேய்ந்துபோன ஜெட்டுகளையும் ஊசிகளையும் மாற்றி, உள்ளிருக்கும் பிஸ்டனைத் தூக்கிவிட்டால் அது தங்குதடையின்றி இறங்கி 'டக்' என்று உட்காரும்வரை சரிபார்த்தார்கள். மின்சார பெட்ரோல் பம்பைப் புதிதாக வாங்கிப் பொருத்துவது எளிது. அவர்களோ பழையதன் தொடுமுனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து அதையே மீட்டார்கள். இணைப்புக் கொடுத்ததும் காரின் பின்புறத்திலிருந்து 'டிக்டிக்டிக்' என்று வேகமாகக் கேட்ட ஒலி, கார்ப்பரேட்டர் கிண்ணங்கள் நிரம்ப நிரம்பத் தளர்ந்து, கடைசியில் நின்றது. சிறுவயதில் பெரியப்பாவின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கேட்ட ஒலி அது. அந்த ஒரு ஒலிக்காகவே அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மின்வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. 1965ஆம் ஆண்டின் எம்ஜிபியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும் என்பதை நான் சொல்வதற்கு முன்பே அவர்கள் அறிந்திருந்தார்கள். எலி கடித்த ஒயர்களை மட்டும் அதே நிறத்தில் மாற்றினார்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு என்னை வரவழைத்தார்கள். அன்றும் நேராகச் சாவியைத் திருப்பவில்லை. புதிய 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயிலை ஊற்றி, பிளக்குகள் இல்லாமலேயே ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுற்றி, ஆயில் அழுத்தக் காட்டியின் முள் எழுந்து நிலைத்த பிறகுதான் பிளக்குகளைப் போட்டார்கள். இந்த இன்ஜினில் வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம்ஷாஃப்டும் டாப்பெட்டுகளும் நேருக்கு நேர் உரசி இயங்குபவை என்பதால், துத்தநாகச் சேர்மம் போதிய அளவில் உள்ள ஆயிலையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். மூன்றாம் முயற்சியில் இன்ஜின் பிடித்தது. புகை நீலமாக வந்து, கால் மணி நேரத்தில் மெலிந்தது. அப்போது எடுத்த அளவில் மூன்றாம் சிலிண்டரின் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலேறும்போது உள்ளே எழும் அழுத்தம், 110 பிஎஸ்ஐ. மற்றவை 140ஐ ஒட்டி இருந்தன. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிவிடலாமா என்று கேட்டதற்கு, முந்நூறு கிலோமீட்டர் ஓடட்டும், ரிங் தானாகப் படிந்துவிடக்கூடும் என்றார்கள். அந்தச் சிலிண்டரின் அளவு இப்போது 128. ஒரு பெரிய வேலையைச் சேர்த்துக் கூலியை உயர்த்திக்கொள்ள வாய்ப்பிருந்தும் அவர்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

இனி என் மனத்தாங்கல். பிரேக் விஷயத்தில் இவர்கள் தவறினார்கள், அதுவும் தவறவே கூடாத இடத்தில். முன்சக்கர பிரேக்கை அழுத்தும் காலிப்பர்களின் துரு அரித்த பிஸ்டன்களையும், பின்சக்கர சிலிண்டர்களையும், மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றியவர்கள், முன்சக்கரங்களுக்குப் போகும் ரப்பர் குழாய்கள் வெளியே வெடிப்பில்லாமல் இருந்ததால் அவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். முப்பது ஆண்டுப் பழைய குழாய் உள்ளே வீங்கிக் குறுகிவிடும். மிதிக்கும்போது பிரேக் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. வீடு வந்த மூன்றாம் நாள், பத்து கிலோமீட்டர் ஓட்டுவதற்குள் இடது முன்சக்கரம் இழுக்கத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தபோது சக்கரத்தின் அருகே கை வைக்க முடியாத சூடு. நல்லவேளையாகச் சாலை காலியாக இருந்தது. அன்று மாலையே ஆள் அனுப்பிக் காரை எடுத்துச்சென்று, முன்னிரண்டு, பின் ஒன்று என மூன்று குழாய்களையும் கூலி வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். தவறு தங்களுடையதே என்று தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும், இன்ஜினுக்குக் காட்டிய கவனத்தில் பாதியையாவது அந்தக் குழாய்களுக்கும் காட்டியிருக்க வேண்டும். நிற்காத காரைவிட ஓடாத காரே பாதுகாப்பானது.

டயர்களில் அப்படி நடக்கவில்லை. பட்டைகள் புதியவைபோல் ஆழமாக இருந்ததால் மாற்ற எனக்கு மனமில்லை. பக்கவாட்டிலிருந்த தயாரிப்புத் தேதி எண்ணில் மூன்றே இலக்கங்கள் இருப்பதைக் காட்டினார்கள். நான்கு இலக்கமுறை 2000இல் வந்தது என்பதால், மூன்று இலக்கம் இருந்தாலே அது அதற்கு முந்தைய டயர். ஐந்தையும் மாற்றினேன்.

ஆறு வாரம் என்று சொல்லிப் பதினொன்று ஆனது. டேங்க் வருவதற்குத் தாமதமாகும் என்பதை ஐந்தாம் வாரத்தில்தான் சொன்னார்கள். பெயின்ட், மெத்தை வேலைகளை இவர்கள் செய்வதில்லை. காரைப் பளபளப்பாக்கிக் கண்காட்சியில் நிறுத்த விரும்புபவர் வேறு இடம் பார்க்க வேண்டும். பாடியின் பாரத்தைத் தாங்கும் கீழ்ச்சட்டங்களைக் கூர்முனையால் குத்திப் பார்த்து, உறுதி என்று எழுதிக் கொடுத்ததோடு அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

குலுக்கலைத் தணிக்கும் பின்புற லீவர் டாம்பர்களில் லேசான கசிவு இருக்கிறது. அதற்காக அதே பட்டறையில் நாள் கேட்டிருக்கிறேன். இம்முறை மாற்ற வேண்டியவற்றின் பட்டியலை, வேலை தொடங்கும் முன் இருவரும் காரின் அடியில் படுத்துப் பார்த்துச் சேர்ந்தே எழுதுவதென்று பேசியிருக்கிறோம்.