நாசா பவர்: மலையடிவாரத்துக்கு எவ்வளவு நம்பலாம்?

செங்கோட்டையிலும், கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு, தென்மலைப் பக்கமும் வீடுகளுக்கு சோலார் போட்டுக் கொடுப்பது என் தொழில். பேனல் போடும் முன் அந்த இடத்தில் மாதாமாதம் எவ்வளவு வெயில் விழும் என்று தெரியணும். அதை அளக்கிற பைரனோமீட்டர் எனக்குக் கட்டுப்படியாகாது. அதனால் நாசாவின் 'பவர்' தளம்தான் துணை. காசு கிடையாது. வரைபடத்தில் இடத்தைத் தொட்டால் 1984 முதல் தினசரிக் கணக்கு வந்துவிடும்.

இந்தக் கணக்கு செயற்கைக்கோள் வழியாக வருவது. ஆனால் செயற்கைக்கோள் தரை வெயிலை நேராக அளப்பதில்லை. வளிமண்டலத்துக்கு மேலே சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட் வருகிறது. மேகம் திருப்பி அனுப்புவது, நீராவி, தூசி, ஓசோன் உறிஞ்சுவது எல்லாம் கழித்து மீதியைக் கணக்கிடுகிறார்கள். மேகமே இல்லாவிட்டால் எவ்வளவு என்பதையும் தனியாக எடுக்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், சாரல் காலத்தில் மேகம் தின்ற வெயில் கண்ணுக்குத் தெரியும்.

குறை என்றால், வெயில் கணக்குக்கு அவர்கள் எடுக்கும் கட்டம் ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி. ஏறக்குறைய 110 கிலோமீட்டர். குற்றாலம், திருநெல்வேலி, நாகர்கோவில் மூன்றும் ஒரே கட்டத்துக்குள், மூன்றுக்கும் ஒரே எண்தான். பாளையங்கோட்டையில் வெயில் கொளுத்தும் நாளில் இங்கே குடை இல்லாமல் வெளியே போக முடியாது.

ஆயிரப்பேரியில் பெரியம்மா வீட்டுக்கு 3 கிலோவாட் போட்டபோது இந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி, எவ்வளவு மின்சாரம் வரும் என்று மாதவாரியாகத் தாளில் எழுதிக் கொடுத்தேன். ஆடியில் பல நாள் 6 யூனிட்டே தாண்டவில்லை. "ஏலே, நீ எழுதிக் குடுத்த தாளு அலமாரியிலதான் இருக்கு, பாக்கியா?" என்றார். மனசு கஷ்டமாகிவிட்டது. ஒரு சாயங்காலம் மொட்டைமாடியிலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஐந்தரைக்கெல்லாம் மலை நிழல் மாடியை மூடியது. இன்வெர்ட்டர் திரையில் வாட் சட்டென்று இறங்கியது. கிழக்கே வயல்களில் இன்னும் மஞ்சள் வெயில். ஆனாலும் நிழலில் போவது கொஞ்சம்தான், சாரல் மேகத்தில் போவதுதான் அதிகம்.

இப்போது உலக வங்கியின் 'குளோபல் சோலார் அட்லஸ்' கணக்கையும் சேர்த்துப் பார்க்கிறேன். அதன் கட்டம் சிறிது, மலை நிழலையும் கணக்கில் எடுக்கிறது. ஆனால் அதில் நீண்டகாலச் சராசரிதான். நாள்வாரியாக வேண்டுமென்றால் மறுபடி பவருக்குத்தான் வரணும்.

புதிதாக எடுப்பவர்கள் கவனியுங்கள்: கணக்கு இன்னும் வராத நாட்களில் -999 என்று இருக்கும். நீக்காமல் எக்செலில் சராசரி போட்டால் மொத்தமும் கெட்டுவிடும். மணிவாரிக் கணக்கில் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை எடுத்தால் நம்ம ஊர் உச்சிவெயில் காலை ஏழு மணிக்குப் பக்கத்தில் நிற்கும். ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

சமவெளிக்கு இந்தத் தளத்தைத் தாராளமாகச் சொல்வேன். மலையடிவார வீடுகளுக்கு மட்டும், ஆனி முதல் ஆவணி வரை பெரியம்மா வீட்டு இன்வெர்ட்டர் ரீடிங்கை வைத்தே எழுதுகிறேன். அந்தப் பழைய தாளையும் வாங்கிக் கிழித்துவிட்டு, புதிதாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.