நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல்: தூரத்து உறவினரைக் காணச் செல்வோருக்கு

இலங்கையைச் சுற்றிப் பார்க்கப் புறப்படும் டெல்டாக்காரர்களுள், யாழ்ப்பாணப் பக்கம் தூரத்து உறவு உடையவர்களுக்கு, நாகைத் துறைமுகத்திலிருந்து செல்லும் பயணியர் கப்பலையே முதலில் பரிந்துரைப்பேன். திருச்சியிலிருந்து கொழும்புக்குப் பறந்து சென்றால் அங்கிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். இதுவரை முகம் பாராத உறவினர் வீட்டில் ஒரு வேளை உண்பதற்காக அத்தனை தொலைவு செல்ல எளிதில் மனம் வருவதில்லை. நாகையில் காலையில் ஏறினாலோ ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில், யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள காங்கேசன்துறையில் இறங்கலாம். உறவினர் வீட்டை முதலில் வைத்துக்கொண்டு, பிறகு ரயிலில் அநுராதபுரம் வழியாகத் தெற்கே செல்வது மிகவும் வசதியான ஏற்பாடு.

பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நாகை வழியாக ரஜூலா கப்பல் சென்ற காலத்தை இங்குள்ள முதியவர்கள் இன்றும் பேசுவார்கள். நெடுங்காலத்துக்குப் பிறகு 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியபாணி’ இந்தத் தடத்தில் புறப்பட்டது. பருவமழை காரணமாகச் சில நாட்களிலேயே நின்ற சேவையை, 2024 ஆகஸ்ட் 16 முதல் 150 பேர் அமரக்கூடிய ‘சிவகங்கை’ தொடர்ந்தது.

என் அப்பாயியின் தமக்கை பருத்தித்துறையில் வாழ்க்கைப்பட்டவர். போர்க்காலத்தில் கடிதங்களும் நின்றுபோனதால், அக்குடும்பத்தைப் பற்றி எங்கள் வீட்டில் எஞ்சியிருந்தவை சில பெயர்களும் ஒரு திருமணப் புகைப்படமும்தான். அந்தப் புகைப்படத்தின் படியை எடுத்துச் சென்றது நல்லதாயிற்று. அதில் மடியில் குழந்தையாக இருந்த பெரியப்பா, என்னை அருகில் அமர்த்திக்கொண்டு, “அப்பா எப்பிடி இருக்கிறார்? அவரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே பிள்ளை” என்று கேட்டபோது, இவ்வளவு அருகில் இருந்தும் இத்தனை ஆண்டுகள் வராமல் இருந்துவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு உண்மையாகவே ஏற்பட்டது. விமானப் பயணம் என்றாலே தயங்கும் என் தந்தையைப் போன்ற முதியவர்களுக்கு, வேதாரண்யத்திலிருந்து பேருந்தில் வந்து ஏறிவிடக்கூடிய இந்தக் கப்பல் பெரிய உதவி.

சுமைக்கு எடை வரம்பு உண்டு என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. போகும்போது கும்பகோணம் காப்பித்தூளுடன் நிறுத்திக்கொண்டால், திரும்பும்போது அவர்கள் அன்போடு கட்டித் தரும் புழுக்கொடியலுக்கும் (அவித்து உலர்த்திய பனங்கிழங்கு) பனாட்டுக்கும் (உலர்த்திய பனம்பழக் கூழ்) பையில் இடம் இருக்கும். அவற்றை மறுத்தால் அவர்கள் மனம் வருந்துவார்கள்.

திருமணம், திவசம் போன்று நாள் தவறக்கூடாத காரியங்களுக்கு இந்தச் சேவையை நம்பிப் புறப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. கடல் கொந்தளித்தால் கப்பல் புறப்படாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இது அடிக்கடி நேரக்கூடியது. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கே நேராகச் செல்லும் விமானம் 2025இல் தொடங்கப்பட்டிருப்பதால், அவசரமாகச் செல்வோர் அதைப் பார்க்கலாம். மற்றவர்கள் மாசி முதல் சித்திரை வரை, கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் செல்லலாம். கடவுச்சீட்டுடன் இலங்கைக்கான பயண அனுமதியையும் இணையத்தில் முன்கூட்டியே பெற்று, திரும்பும் தேதிக்குப் பின் இரண்டொரு நாளை வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் விட்டுவைப்பது நல்லது.