நூறு எப்போதும் நூறல்ல: ஒரு சொற்பிறப்பு அகராதி

ஆங்கிலம் படிப்பிக்கிற எனக்கு அடிக்கடி கைகொடுக்கும் தளம் ஒன்லைன் எடிமோலஜி டிக்‌ஷனரி. டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் தொடங்கி வளர்த்த சொற்பிறப்பு அகராதி. காசு கட்டத் தேவையில்லை. அதன் அருமை தெரிய வேண்டுமென்றால் ‘ஹண்ட்ரட்’ என்று தட்டிப் பாருங்கள்.

பழைய ஆங்கிலத்தில் நூறைச் சொல்ல ‘ஹுண்ட்’ மட்டுமே போதும். பின்னால் ஒட்டிய ‘ரெட்’டுக்கு எண்ணிக்கை, கணக்கு என்று பொருள். ஆனால் அந்தக் கணக்கு எங்கும் நூறாகவே இருக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஸ்கண்டிநேவியாவில் முன்பு பேசிய பழைய நோர்ஸ் மொழியில் அதே சொல் 120ஐக் குறித்தது, அதாவது ஆறு இருபது. எங்கள் ஊரில் உரம் வாங்குவது அந்தர் கணக்கில். ஹண்ட்ரட்வெயிட் என்கிற அந்த எடை 112 இறாத்தல் (பவுண்ட்). நோர்ஸ்காரரின் 120ஐ வாசித்த பிறகு இந்த 112 எனக்கு விசித்திரமாகவே தெரியவில்லை.

இங்கிலாந்தில் மாவட்டத்துக்குள் தனி நீதிமன்றத்தோடு இருந்த நிலப்பிரிவுக்கும் ஹண்ட்ரட் என்றே பெயர். நூறு ‘ஹைட்’ நிலம் என்பதால் அப்படி வந்திருக்கலாம். ஒரு ஹைட் ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம். அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது.

அப்புறம், வேர்ச்சொல் இணைப்பையும் கட்டாயம் அழுத்துங்கள். பத்தைக் குறிக்கும் ஒரு பழைய வேரிலிருந்துதான் ஹண்ட்ரட், லத்தீன் ‘கெந்தும்’, சமஸ்கிருத ‘சதம்’ எல்லாம் கிளைத்திருக்கின்றன. இலங்கை ரூபாயின் நூறில் ஒரு பங்கை நாங்கள் சதம் என்கிறோம், ஆங்கிலத்தில் சென்ட். இரண்டும் ஒரே குடும்பம் என்று சொன்னால் பின் வாங்குப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

குறையும் உண்டு. ஆக்ஸ்போர்டு பேரகராதி போல ஒவ்வொரு பொருளுக்கும் பழைய நூல்களின் மேற்கோள் வரிசை இங்கே கிடைக்காது. நட்சத்திரக் குறியிட்ட வேர்கள் எழுத்தில் கிடைத்தவை அல்ல, மொழியியலாளர் ஊகித்து மீட்டவை. புதிதாக வருபவர் இதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. ஆங்கில நடையும் சுருக்கமானது, இறுக்கமானது. உயர்தர மாணவர்களுக்குச் சரி, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆசிரியரோ பெற்றோரோ பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்ட வேண்டும்.