ஹீட்டர் ஃபேன் கீச்சிடுகிறதா? சுத்தம், எண்ணெய், புது மோட்டார்: எது எப்போது

கனடாவின் ஜனவரிக் காலை, வெளியே மைனஸ் 20 டிகிரி. பழைய பிக்கப்பைக் கிளப்பி ஹீட்டர் ஃபேனைப் போட்டால், டேஷ்போர்டுக்குள் கோழிக்குஞ்சு மாட்டிக்கொண்டதுபோல ஒரு கீச்சுச் சத்தம். பத்து நிமிடத்தில் வண்டி சூடானதும் அடங்கிவிடும். போன குளிர்காலம் முழுக்க எங்கள் வண்டியில் இப்படித்தான். அடங்கிவிடுகிறதே என்று விட்டுவைத்தேன், அதுதான் தப்பு. இந்தக் காற்று கால் குளிராமல் இருக்க மட்டும் இல்லை. முன்கண்ணாடியில் பனி மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும் இதுதான். ஓடும்போது ஃபேன் நின்றுபோனால் எதிரே ரோடு தெரியாது.

முதலில் சத்தம் ஃபேனுடையதுதானா என்று பாருங்கள். எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆனில் வைத்து, ஒவ்வொரு வேகமாகப் போட்டுக் கேளுங்கள். அப்போது சத்தமே வராமல், எஞ்சின் ஓடும்போது ஆக்ஸிலரேட்டரோடு சேர்ந்து ஏறினால் பெல்ட், புல்லி, வாட்டர் பம்ப் பக்கம் தேட வேண்டும். ஃபேன் வேகத்தோடு ஏறி இறங்கினால் புளோயரேதான், அதாவது ஹீட்டர் ஃபேனும் அதன் மோட்டாரும். இனி மூன்று வழி: சுத்தம் செய்வது, எண்ணெய் விடுவது, மோட்டாரை மாற்றுவது.

டிக் டிக் என்றோ சடசடவென்றோ சத்தம் வந்தால் சுத்தம் செய்தாலே போதும் என்று நம்பலாம். 1980, 90களின் பிக்கப்புகள் பெரும்பாலானவற்றில் உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் கிடையாது. வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடை வழியாக விழும் இலை, பைன் ஊசி எல்லாம் நேராக ஃபேன் சக்கரத்துக்குத்தான் போய்ச் சேரும். கூண்டுபோல இருக்கும் அந்தச் சக்கரத்தில் ஒரு பக்கம் குப்பை சேர்ந்தால் எடை சமன் கெட்டு வண்டியே அதிரும். சக்கரத்தின் இதழில் குட்டியாக ஒரு இரும்பு கிளிப் செருகியிருந்தால் அதைக் குப்பை என்று பிடுங்கிவிடாதீர்கள். சமன் செய்ய கம்பெனியிலேயே போட்டது அது.

உள்ளே எலிக்கூடு இருந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம். வட அமெரிக்காவில் மான் எலியின் கழிவுத் தூசி வழியாக ஹாண்டா வைரஸ் பரவும், அது உயிரையே பறிக்கலாம். காய்ந்த கூட்டை வேக்குவம் போட்டோ காற்றடித்தோ எடுக்கக் கூடாது. கையுறையும் மாஸ்கும் போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு அப்புறம் துடைத்து எடுங்கள்.

குளிரில் கீச்சிட்டு, சூடானதும் அடங்கும் சத்தம் வேறு கதை. அது புஷ், அதாவது மோட்டாரின் ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையம், வறண்டதன் அடையாளம். இந்த மோட்டார்களில் ஷாஃப்ட் சுற்றுவது பெரும்பாலும் வெண்கலத் தூளை அழுத்திச் செய்த புஷ்ஷில். அதன் நுண்துளைகளில், கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு போல, எண்ணெய் ஊறியிருக்கும். சூடேறினால் கசிந்து ஷாஃப்ட்டுக்கு வரும், ஆறினால் திரும்ப உள்ளே போகும். முப்பது வருடம் ஓடிய புஷ்ஷில் மிச்சம் இருப்பதே கொஞ்சம். குளிரில் அதுவும் இறுகி வெளியே வராது.

எண்ணெய் விடுவதா வேண்டாமா என்பதை விரல் சொல்லிவிடும். மோட்டாரைக் கழற்றி, சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இல்லாமல் சற்று இறுக்கமாகச் சுற்றினால் எண்ணெய் பலன் தரும். லொடலொடவென்று ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது, எவ்வளவு ஊற்றினாலும் வீண். டப்ளியூடி-40 ஸ்ப்ரே அடிப்பது பலருக்கும் பழக்கம். அது இருக்கிற எண்ணெயையும் கழுவிவிடும், சில நாளில் கீச்சு திரும்பி வரும். டிடர்ஜென்ட் சேராத 20 கிரேடு மோட்டார் எண்ணெய் ஒன்றிரண்டு சொட்டுப் போதும். மிஞ்சினால் மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ்ஷில் ஏறிவிடும். ஆனால் பல மோட்டார்களில் சக்கரப் பக்கத்துப் புஷ்தான் எட்டும், இன்னொன்று மூடிய டப்பாவுக்குள் இருக்கும். அதற்காக டப்பாவில் துளை போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரும்புத் துகள் உள்ளே இருக்கும் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே எண்ணெய் என்பது இந்தக் குளிர்காலத்தைத் தள்ளும் வழி, அவ்வளவுதான்.

மாற்றுவது என்றால் காயலாங்கடை மோட்டாரா, புதியதா? நான் புதியது பக்கம். காயலாங்கடையில் கிடைப்பதும் உங்கள் மோட்டாரின் வயதுதான், அதன் புஷ்ஷும் அதே அளவு தேய்ந்திருக்கும். அங்கே போவதானால் உடைந்த சக்கரத்துக்கு மாற்று வாங்கப் போகலாம். வாங்கும்முன் சுற்றும் திசை, ஷாஃப்ட்டின் நீளம், தடிமன், சக்கரம் சேர்ந்து வருகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய சக்கரத்தையே போடுவதானால் வீட்டுக்குள் வைத்துச் சூடாக்கிய பிறகு கழற்றுங்கள், குளிரில் பிளாஸ்டிக் சட்டென்று விரிசல் விடும். ஷாஃப்ட்டில் அது எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது என்று முன்பே குறித்துக்கொள்ளவும். கொஞ்சம் மாறினாலும் சுற்றியிருக்கும் உறையில் உரசும்.

வேலை எவ்வளவு கஷ்டம் என்பது வண்டியைப் பொறுத்தது. 1973 முதல் 87 வரையிலான பெரிய செவ்ரோலே பிக்கப்புகளில் மோட்டார் எஞ்சின் பக்கச் சுவரில் இருக்கும், நின்றுகொண்டே கழற்றலாம். 1988க்குப் பிந்தைய வடிவத்தில் பயணி பக்க டேஷ்போர்டுக்கு அடியில் படுக்க வேண்டும்.

மோட்டாரை மாற்றும்போது, ஃபேன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெசிஸ்டரையும் அதன் கனெக்டரையும் கழற்றிப் பாருங்கள். இறுகி ஓடிய மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும், அந்தச் சூடு இவற்றில்தான் இறங்கும். எங்கள் வண்டியில் கனெக்டரின் ஒரு முனை பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது.