பெங்களூரு பீர் டூர் என்று 30,000 ரூபாய் போச்சு, சேலம்காரர்கள் உஷார்

இன்று காலை அந்த டூர் ஏஜென்சிக்காரன் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். இனிமேல் பொறுக்க முடியாது, எழுதிவிடுகிறேன். வேறு யாரும் மாட்டக் கூடாது.

கல்லூரி செட் 12 பேர். தலைக்கு 2,500, மொத்தம் 30,000 ரூபாய். நம்ம ஊர் டாஸ்மாக்கில் பாட்டிலில் அடைத்து வருவதுதான் பீர். பெங்களூருவில் பப்பிலேயே டேங்க் வைத்துக் காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிறார்கள். அதைப் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் ரொம்ப நாள் ஆசை. துபாயில் இருக்கும் நண்பன் இதற்காகவே லீவை மாற்றிப் போட்டு வந்தான்.

ஏஜென்சிக்கு சேலத்திலேயே ஆபீஸ் இருக்கிறது. நேரில் போனேன். உட்கார வைத்து, டீ வரவழைத்து, பிளானைப் பேப்பரில் எழுதியே காட்டினான். மதியம் சர்ச் ஸ்ட்ரீட்டில் சுவர் ஓவியங்கள், புத்தகக் கடைகள். அங்கிருந்து மெட்ரோவில் இந்திராநகர். முதல் பப்பில் பீர் காய்ச்சுகிறவரே மால்ட் (முளைகட்டிய தானியம்), ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் பூ) எல்லாம் கையில் கொடுத்து விளக்குவார். அடுத்ததில் சின்னச் சின்ன கிளாஸில் ஆறு வகை ருசி பார்க்கலாம். "குடிச்சுட்டு யாரும் வண்டியைத் தொடக் கூடாதுண்ணா, வேன் டிரைவர் நம்ம ஆளு" என்று அவனாகவே சொன்னான். இவ்வளவு பொறுப்பாகப் பேசுகிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? அங்கேயே ஜிபேயில் 30,000 அனுப்பினேன். சீல் குத்தி ரசீதும் கொடுத்தான்.

தொப்பூர் தாண்டியதுமே டிரைவர், "வாடகை நீங்கதான் தரணும், அவர் எனக்கு ஒண்ணும் தரல" என்றார். அப்போதே வயிற்றைக் கலக்கியது. போன் போட்டால், "பாத்துக்கலாம்ணா, நீங்க போங்க."

இந்திராநகரில் சனிக்கிழமைக் கூட்டம். வாசலில் இருந்த பெண் டேப்லெட்டை எங்கள் பக்கம் திருப்பி, லிஸ்ட்டை மேலிருந்து கீழே தள்ளிக் காட்டினார். எங்கள் பெயரும் இல்லை, ஏஜென்சி பெயரும் இல்லை. காய்ச்சும் இடத்தை வெளி ஏஜென்சிக்குக் காட்டுவதே இல்லையாம். அடுத்த பப்பிலும் இதே கதை. 12 பேரும் ரோட்டோரம் நின்றோம். துபாய்க்காரன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "மேனேஜர் மாறிட்டார்ணா." பிறகு "ஏழு வேலை நாள்ல பணம் வந்துடும்." பிறகு "நீங்க லேட்டா போனதால டேபிள் போச்சு." கடைசியில், பணத்துக்குப் பதிலாக ஏற்காடு ஒருநாள் டூர் தருகிறானாம்! மொட்டை மாடியில் நின்றால் ஏற்காடு மலை தெரிகிற எங்களுக்கு, 30,000 ரூபாய்க்கு ஏற்காடு டூர்! கேட்டதும் ரத்தம் கொதித்தது. ஆபீஸுக்குப் போனால் இருக்கிற பையன், "சார் வெளியூர்" என்கிறான்.

எப்படி ஜாக்கிரதையாக இருப்பது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பப்புக்கு நீங்களே போன் பண்ணி டேபிள் உறுதியா என்று கேளுங்கள். ஜிபேயில் வருவது கம்பெனி பெயரா, தனி ஆள் பெயரா என்று பாருங்கள். எனக்கு வந்தது தனி ஆள் பெயர். முழுப் பணத்தை முன்னாடியே கொடுக்காதீர்கள். பணம் போனால் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு அடியுங்கள், நுகர்வோர் உதவிக்கு 1915.

ரசீதையும் சாட்டையும் பிரிண்ட் எடுத்தாகிவிட்டது. நாளை காலை ஸ்டேஷனுக்குப் போகிறோம்.