‘தழை’யை வைத்துச் சோதித்தால் தெரியும்: இணையத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி

அகராதியைச் சோதிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் யாருக்கும் தெரியாத சொல்லாகப் பார்த்துத் தேடுவார்கள். அதில் பயனில்லை. அரிய சொல்லுக்குத் தொகுப்பாளர்கள் எப்படியும் மெனக்கெட்டிருப்பார்கள். சந்தையிலும் வயலிலும் நாள் முழுக்கப் புழங்கும் சொல்லைக் கொடுத்துப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கும். இங்கே எடுத்துக்கொண்ட சொல் ‘தழை’. கூடவே அதன் உறவுக்காரர்களான இலை, ஓலை, தோகை, தாள்.

பேரகராதியைப் பற்றி முதலில் கொஞ்சம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அவற்றில் மட்டும் 1,04,405 சொற்கள். பின்னால் வந்த அனுபந்தம் 13,357 சேர்த்தது. பெரும்பகுதிக் காலம் பதிப்பாசிரியராக இருந்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின் அகராதிகள் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். சொல், அதன் ரோமன் எழுத்துப் பெயர்ப்பு, இலக்கணக் குறிப்பு, ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், மேற்கோள் இடம் என்று ஒரே பத்தியில் எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். பழகும்வரை கண் வலிக்கும்.

தேடும்போது முதலில் காலை வாருவது எழுத்து. தலை, தளை, தழை மூன்றுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லை. தளை என்றால் விலங்கு; யாப்பிலே சீர்களை இணைக்கிற கட்டு. இலை, இளை, இழை என்பதும் அதே கதைதான். பேச்சில் ழகரத்தை ளகரமாக ஒலிக்கிறவர்கள் கேட்டபடியே தட்டச்சு செய்துவிட்டு “அகராதியில் இல்லை” என்பார்கள். சொல் அங்கேதான் இருக்கும், வேறு எழுத்தில். தமிழ் நெடுங்கணக்கில் ழ முன்னே, ள பின்னே வருகிறது என்பதால், வரிசையாகப் புரட்டுகிறவர்கள் தளிருக்கு முன்னாலேயே தழையைத் தேட வேண்டும்.

அடுத்து, கூட்டுச்சொல்லை அப்படியே போட்டால் பெரும்பாலும் கிடைக்காது. கொத்தமல்லித்தழையை வெட்டிக் கொத்தமல்லி, தழை என்று தனித்தனியாகத் தேடுங்கள். பச்சிலை, வெற்றிலை போல ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டவற்றை மட்டும் முழுதாகக் கொடுக்கலாம்.

பேரகராதியின் நிஜமான பலம் வினைச்சொற்களில் தெரிகிறது. தலைச்சொல்லின் பின்னே ஒரு சிறு கோடு போட்டுத் ‘தல்’ அல்லது ‘த்தல்’ என்று இருக்கும். அச்சுப் பிசகு என்று தாண்டிப் போய்விடாதீர்கள், விஷயமே அதில்தான். தழைதல் என்றால் தழைந்தது. தழைத்தல் என்றால் தழைத்தது. “வேட்டியைத் தழையத் தழையக் கட்டியிருந்தார்” என்பது முதலாவது, தாழ்ந்து தொங்குவது. “குலம் தழைக்கட்டும்” என்பது இரண்டாவது, துளிர்த்துப் பெருகுவது. ஒரு ‘த்’ வித்தியாசம். தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவர்கள் எழுதும் “குலம் தழையட்டும்” எங்கே இடறுகிறது என்பதை இந்தக் கோடு ஒரு நொடியில் காட்டிவிடும். இதற்காகவே மதிப்பெண் போடலாம்.

பெயர்ச்சொல்லாகத் தழைக்குத் தளிர், இலை என்பவற்றோடு தழையால் ஆன உடை, மயிற்பீலி என்றும் பொருள்கள் வரும். உடை என்ற பொருளைச் சங்கப் பாட்டு படிக்கிறவர்கள் விடவே கூடாது. நற்றிணை 359-ஆம் பாட்டில் தலைவன் தழை கொடுக்கிறான். அதை உடுத்தால் தாய்க்குப் பயம், திருப்பிக் கொடுத்தால் அவன் மனம் நோகும் என்று தோழி தடுமாறுகிறாள். தழை என்றால் வெறும் இலை என்று படித்துவிட்டால், யாரோ ஒரு கட்டு இலையைக் கொடுத்ததற்கு இவ்வளவு ஏன் பதற வேண்டும் என்று தோன்றும். மேற்கோள் இடத்தோடு பொருள் தருவதில் பேரகராதியை அடித்துக்கொள்ள ஆளில்லை.

சறுக்குவது எங்கே? எந்தச் செடிக்கு எந்தச் சொல் என்று கேட்டால் கையை விரித்துவிடும். அதன் தமிழ்ப் பொருள்கள் பெரும்பாலும் ஒற்றைச் சொல்லில் முடிகின்றன. தளிருக்குப் போனால் தழை, தழைக்குப் போனால் தளிர். வேப்பிலைக்கும் வேப்பந்தழைக்கும் என்ன வேறுபாடு? இலையை எண்ணலாம், தழையை எண்ண முடியாது. “நாலு வேப்பிலை பறித்து வா” சரி. “நாலு தழை” என்று யாரும் சொல்வதில்லை. தழை கிளையோடும் ஈர்க்கோடும் ஒடிபடுவது, கட்டாகவோ கைப்பிடியாகவோ அளக்கப்படுவது. ஆட்டுக்கு ஒடித்துப் போடுவது தழை. அதே முருங்கை சட்டியில் விழுந்தால் கீரை. இந்த நுணுக்கத்தை ஒற்றைச்சொல் பொருள் எப்படித் தாங்கும்?

இந்த ஓட்டையை அடைக்கத் தொல்காப்பிய மரபியலுக்குப் போக வேண்டும். வெளிப்புறம் வயிரம், அதாவது கெட்டியான பகுதி, உள்ளவை புல், உட்புறம் வயிரம் உள்ளவை மரம் என்று பிரித்து, ஓலை, மடல், ஏடு, இதழ் போன்றவற்றைப் புல்லுக்கும், இலை, தளிர், முறி போன்றவற்றை மரத்துக்கும் அது கொடுக்கிறது. பனையும் தென்னையும் அந்தக் கணக்கில் புல். சற்று விலகிப் போய் ஒன்றைச் சொல்லலாம்: கடிதம், பக்கம், பத்திரிகை என்று எழுத்துலகுக்குக் குடிபெயர்ந்த ஓலை, ஏடு, மடல், இதழ் எல்லாமே புல் வரிசைச் சொற்கள். மர வரிசையிலிருந்து ஆவணம் என்ற பொருளுக்கு முறி போயிருக்கிறது. இலை மட்டும் சாப்பாட்டுப் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டது.

இன்றைய வழக்குக்கு நெருக்கமான பட்டியல் வேண்டுமென்றால் தேவநேயப் பாவாணர். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலில் ‘தமிழ்ச்சொல் வளம்’ என்ற தலைப்பில் அது இருக்கிறது: புளி, வேம்புக்கு இலை, நெல், புல்லுக்குத் தாள், சோளம், கரும்புக்குத் தோகை, தென்னை, பனைக்கு ஓலை, காய்ந்த தாளும் தோகையும் சண்டு, காய்ந்த இலை சருகு. பேரகராதியைக் கடுமையாகச் சாடியவர் பாவாணர். இந்த ஒரு பட்டியலைப் பார்த்தாலே அவர் கோபத்தில் பாதி புரிந்துவிடும்.

வேளாண் கட்டுரை மொழிபெயர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பசுந்தாள் உரமும் பசுந்தழை உரமும் ஒன்றல்ல. தக்கைப்பூண்டு, சணப்பு போன்றவற்றை அந்த வயலிலேயே விதைத்து, பூக்கும் தருவாயில் மடக்கி உழுவது பசுந்தாள். புங்கன், வேம்பு, எருக்கு என்று வேறிடத்தில் ஒடித்து வந்து வயலில் மிதிப்பது பசுந்தழை. மாற்றி எழுதினால், விதை வாங்க வேண்டியவர் அரிவாளோடு மரத்தடிக்குப் போவார். தழைச்சத்து என்பதும் இலையிலிருந்து எடுக்கிற சத்து அல்ல. பயிரின் தழைவளர்ச்சிக்கு வேண்டிய நைட்ரஜன். இம்மாதிரிக் கலைச்சொற்களை 1936-இல் முடிந்த நூலில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’. 1992-இல் முதல் பதிப்பு, 2008, 2020-இல் விரிவான பதிப்புகள். பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் இருப்பதால் எந்தச் சொல் எதனோடு சேரும் என்று பிடிபடும். இலங்கை வழக்கும் தனியே குறிக்கப்படுகிறது. ஆனால் தழையுடைக்கும் பீலிக்கும் அங்கே போகாதீர்கள், அது அதன் வேலையில்லை.

பேரகராதித் தளத்தில் இன்னொரு வசதியைப் பலர் தொடுவதே இல்லை. தலைச்சொல்லை மட்டுமல்லாமல் பதிவின் உள்ளேயும் தேடலாம். வெறும் ‘இலை’ என்று போட்டால் வந்து குவிவதில் ஒன்றும் விளங்காது. ‘பனையோலை’ என்று குறுக்கிப் போடுங்கள். மரப்பெயர்களோடு வரும் அறிவியல் பெயர்களை மட்டும் அப்படியே எடுத்தாளாதீர்கள். அவை அன்றைய பெயர்கள், சில மாறிவிட்டன. தாவரவியல் பட்டியலோடு ஒருமுறை ஒத்துப் பார்த்த பிறகு எழுதுங்கள்.

சொல்லின் பழம்பொருளுக்கும் வினை வடிவத்துக்கும் ஐந்துக்கு ஐந்து. எந்தச் செடிக்கு எந்தச் சொல் என்ற கேள்விக்கு இரண்டு, அதுவும் மேற்கோள்களுக்காக.